எத்தனை கைகள் வேண்டும்?

ஐரோப்பாவின் பழைய நாடக அரங்குகளில் மேடைக்கு மேலே, பார்வையாளர் கண்ணுக்கு எட்டாத பெரும் உயரம் ஒன்று உண்டு. வானம், காடு, அரண்மனை என்று தீட்டிய திரைகளெல்லாம் அங்கேதான் தொங்கும். அவற்றை ஏற்றி இறக்கச் சணல் கயிறும் கப்பியும் மணல் மூட்டையும் வைத்திருந்தார்கள். பக்கச் சுவரோரம் ஒரு நீண்ட கட்டை, அதில் வரிசையாகச் செருகிய முளைகள், முளைகளில் எட்டுப்போலச் சுற்றிக் கட்டிய கயிற்று நுனிகள். பாய்க்கப்பலில் பாய்க்கயிறு கட்டுகிற முளையும் இதேதான். கடலில் வேலை இல்லாத நாட்களில் மாலுமிகள் அரங்குகளுக்குக் கயிறு இழுக்க வந்தார்கள் என்று மேற்கத்தைய நாடகக்காரர் சொல்லிக்கொள்வார்கள். மேடையில் சீழ்க்கை அடிக்கக் கூடாது என்ற அவர்களுடைய நம்பிக்கைக்கும் இதையே காரணம் காட்டுவார்கள். மாலுமிக்குச் சீழ்க்கைதான் கட்டளை. யாரோ விளையாட்டாக அடித்தால் தலைக்கு மேல் தொங்கும் பாரம் இறங்கிவிடும்.

துறைமுகத்தையும் மேடையையும் சேர்த்துப் பேசுவதற்குக் கயிறு மட்டும் காரணமல்ல. இரண்டு இடத்திலும் தொழிலாளருக்கும் முதலாளிக்கும் நடந்த சண்டையின் கரு ஒன்றுதான். இந்தப் பாரத்தைத் தூக்க எத்தனை பேர் வேண்டும், அந்த எண்ணிக்கையை முடிவு செய்வது யார் என்பது முதற் கேள்வி. கூலி எவ்வளவு என்பது அதற்குப் பிறகு வருகிறது. திருகோணமலை இந்தக் கேள்வியைத் துறைமுகத்தில் நன்றாக அறிந்த ஊர். மேடையில் அதை இன்னும் கேட்கவே தொடங்கவில்லை.

துறைமுகக் கூலி எங்கும் அன்றாடக் கூலியாகத்தான் தொடங்கியது. விடியலில் வாயிலில் கூட்டம் நிற்கும். கைகாட்டப்பட்டவருக்கு அன்று வேலை, மற்றவர் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். பிரித்தானியா 1946இலும் இந்தியா 1948இலும் சட்டம் போட்டு இந்த முறையை மாற்றத் தொடங்கின. இலங்கையில் 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ்த் துறைமுக வேலைக்கெனத் தனிச் சபை அமைந்தது. 1958இல் சரக்கு ஏற்றியிறக்கும் வேலையை அரச கூட்டுத்தாபனம் எடுத்துக்கொண்டது. 1979இல் துறைமுக அதிகார சபை வந்தது. இதில் எதுவும் தானாகக் கனிந்து விழவில்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் கப்பல்கள் காத்துக்கிடந்த நாட்கள் இருக்கின்றன. 1957இல் பிரித்தானியக் கடற்படை திருகோணமலைத் தளத்தை விட்டுப் போன பிறகு இங்கே துறைமுகத் தொழிலின் முகம் மாறிவிட்டது. ஆனாலும் இன்று இறங்குதுறையிலோ மா ஆலையிலோ சீமெந்து ஆலையிலோ நிரந்தரமாக வேலை செய்பவருக்குச் சேமலாப நிதி இருக்கிறது, பிணக்கு வந்தால் போய் முறையிடத் தொழில் திணைக்களம் இருக்கிறது. 2017 யூலையில் திருகோணமலைச் சீனக்குடாவின் எண்ணெய்த் தாங்கிகள் உள்ளிட்ட விடயங்களை முன்வைத்துப் பெற்றோலியத் தொழிற்சங்கங்கள் வேலையை நிறுத்தியபோது நாடு முழுக்க எரிபொருளுக்கு வரிசை நின்றது. அரசு இராணுவத்தை இறக்கியது. அந்தத் தொழிலாளர் பக்கம் நியாயம் இருந்ததா என்பது வேறு விவாதம். அவர்கள் இருக்கிறார்கள் என்பதை எல்லோரும் அறிந்தார்கள்.

இனி அதே ஊரின் மேடைப் பக்கம் வருவோம். பள்ளிக்கூட மைதானத்திலோ கோயில் முன்றலிலோ மாலை ஏழு மணிக்கு நாடகம் என்றால், மத்தியான வெயிலில் லொறி வந்து நிற்கும். இரும்புச் சட்டங்கள், ஒலிபெருக்கிப் பெட்டிகள், சுருள் சுருளாக வயர், ஜெனறேற்றர். நாலைந்து பொடியன்கள் இறக்குவார்கள். ஒருவன் ஏணியில் ஏறி, சட்டத்தில் விளக்குகளைக் கொளுவுவான். ஏணியைக் கீழே பிடிக்க ஒருவன் வேண்டும், ஆனால் அவனைத்தான் ஒலிபெருக்கிப் பெட்டி தூக்கக் கூப்பிட்டிருப்பார்கள். விளக்கு விழாமல் இருக்க ஒரு பாதுகாப்புக் கம்பி உண்டு. அவசரத்தில் அதைக் கொளுவாமல் விடுவதும் உண்டு. நாடகம் முடிந்து சனம் கலைந்தபின் எல்லாவற்றையும் கழற்றி, சுருட்டி, ஏற்ற வேண்டும். அதற்குள் நடுச்சாமம் கடந்துவிடும். சோற்றுப் பார்சல் ஒன்று, கையில் கொஞ்சக் காசு. எவ்வளவு காசு என்பது ஒலி, ஒளிச் சேவை உரிமையாளரின் மனதையும் அன்றைய வரும்படியையும் பொறுத்தது. இந்தப் பொடியனுக்கு நியமனக் கடிதமும் இல்லை, சேமலாப நிதியும் இல்லை, அவன் சார்பில் பேச ஒரு சங்கமும் இல்லை. நாடக அழைப்பிதழில் அவனுடைய முதலாளியின் கடைப் பெயர் ‘ஒலி, ஒளி’ என்ற சொற்களுக்குப் பக்கத்தில் இருக்கும்.

இந்த நிலை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் கூத்திலிருந்து வரவில்லை என்பது தெளிவு. கிழக்கின் கூத்து வட்டக்களரியில் ஆடப்பட்டது. சுற்றிலும் சனம், நடுவில் களரி. திரையும் இல்லை, பின்மேடையும் இல்லை. கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஊருக்கு வந்து, ஆடுபவருக்கு அவரவர் பாட்டைப் பிரித்துச் சட்டம் கொடுப்பதிலிருந்து சலங்கை கட்டுதல், அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம் வரை மாதக் கணக்கில் நடக்கும் வேலையை ஊரே பங்கிட்டுக்கொண்டது. வடமோடிக் கூத்தின் கரப்புடுப்பைப் பக்கத்தில் நின்று பார்த்தவருக்குத் தெரியும்: பிரம்பு வளையங்களால் கூடுபோலக் கட்டி, மேலே துணி போர்த்தி, கண்ணாடித் துண்டு பதித்த பாரமான உடுப்பு அது. அதைச் செய்விக்கும் செலவு ஆடுகிறவனின் தலையில்தான் விழும். அரங்கேற்றத்துக்குப் பிறகு வீட்டுக்கு வீடு ஆடிச் சேர்க்கும் பணத்தில் செலவைக் கொஞ்சம் ஈடுகட்டுவார்கள். களரி கட்டியவனும் ஊரான், பந்தம் பிடித்தவனும் ஊரான். இதைப் பொற்காலம் என்று நான் பாடவில்லை. யார் ஆடலாம், யார் பறை அடிக்க வேண்டும் என்பதைச் சாதி தீர்மானித்தது; பறை அடித்தவருக்கு மறுக்கும் உரிமை இருந்ததில்லை. ஆனாலும் அங்கே தயாரிப்பாளர் என்று ஒருவர் ஒருபக்கமும், கூலிக்கு மேடை கட்டுகிறவர் மறுபக்கமும் நிற்கவில்லை.

அறுபதுகளில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு ‘கர்ணன் போர்’, ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலி வதை’ ஆகியவற்றை மேடையேற்றினார். விடிய விடிய ஆடிய கூத்து இரண்டு மணி நேரத்துக்குச் சுருங்கி, வட்டக்களரியிலிருந்து படச்சட்ட மேடைக்கு ஏறியது. ஈழத்துத் தமிழரங்கின் மிகப் பெரிய திருப்பங்களில் அது ஒன்று. அதன் கலைப் பெறுமதி பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. தொழில் நோக்கில் எழுதப்பட்டது குறைவு. படச்சட்ட மேடைக்குத் திரை வேண்டும், திரையை இழுக்க ஆள் வேண்டும். முகத்தில் மட்டும் விழும் வெளிச்சம் வேண்டும், அந்தக் கணத்தில் அதைப் போட ஆள் வேண்டும். கலை ஒரு பாய்ச்சல் பாய்ந்தது, அதோடு ஒரு புதிய தொழிலாளியும் பிறந்தான். பல்கலைக்கழக மேடையில் அந்த வேலையை மாணவரே ஆர்வத்துக்குச் செய்தார்கள். அதுவே வழக்கமாகிவிட்டது. பின்னணி வேலை என்றால் ஆர்வத்துக்குச் செய்வது, காசு கேட்பது கலைக்கு அழகல்ல என்ற மனப்பான்மை இன்றும் நம்மிடம் இருக்கிறது. ஆர்வலர் செய்த வேலையைக் கூலிக்கு ஆள் வைத்துச் செய்யத் தொடங்கிய பிறகும், கூலியைத் தவிர மற்றவை ஆர்வலர் காலத்திலேயே நின்றுவிட்டன.

தமிழகத்தில் கதை வேறு விதமாகப் போனது. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துப் பாய்ஸ் கம்பெனிகளில் முதலாளியே எல்லாம். நடிகச் சிறுவரும் திரை தீட்டுபவரும் சமையற்காரரும் ஒரே கம்பெனி வீட்டில் கிடந்து, ஒரே ஆளின் சொல்லுக்கு ஆடினார்கள். அதற்கு மாறாக வளர்ந்த ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்தும் பபூன் வேறோர் ஊரிலிருந்தும் தனித்தனியே பேசி அமர்த்தப்பட்டு, ஒத்திகை இல்லாமல் மேடையில்தான் சந்திப்பார்கள். கம்பெனி இல்லாத இடத்தில் சங்கம் தேவைப்பட்டது. மதுரையில் 1923இல் தொடங்கிய நாடக நடிகர் சங்கம் இன்றும் இயங்குகிறது. தனித்தனியே ஒப்பந்தமாகிறவர்களைச் சேர்த்து நிறுத்த முடியாது என்று நம்மூரில் சொல்லப்படும் சாட்டுக்கு அந்தச் சங்கத்தின் நூறு ஆண்டே பதில்.

மேடைக்குப் பின்னால் நிற்பவரைத் திரட்டிய பெரிய அமைப்பு தமிழில் சினிமாவில்தான் உருவானது. ‘பெப்சி’ என்று எல்லோரும் அழைக்கும் தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனத்தின் தொடக்கத்தில் இரண்டு கலைஞர்களின் உழைப்பு இருக்கிறது. ஒருவர் ஒளிப்பதிவாளர் நிமாய் கோஷ், மற்றவர் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன். 1960இல் வந்த ‘பாதை தெரியுது பார்’ படத்தில் இருவரும் சேர்ந்து வேலை செய்தவர்கள், இடதுசாரிகள். விளக்குத் தூக்குபவரும் தச்சரும் ஒப்பனையாளரும் சமையற்காரரும் என இருபதுக்கும் மேற்பட்ட சங்கங்கள், சுமார் 25,000 உறுப்பினர்கள் என்று அது வளர்ந்தது. 1981இல் இந்திய நாடாளுமன்றம் திரைத் தொழிலாளருக்கெனத் தனிச் சட்டங்கள் இயற்றியது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் ஒருவரை வேலைக்கு வைக்கக் கூடாது என்பது அதில் ஒரு விதி. நாடக மேடையில் அதே விளக்கைத் தூக்குகிறவருக்கு அந்தச் சட்டம் பொருந்தவில்லை.

பெப்சியின் வரலாற்றில் இரண்டு மோதல்கள் முக்கியமானவை. 1997இல் பாரதிராஜா உள்ளிட்ட இயக்குநர்கள் ‘படைப்பாளிகள்’ என்ற பெயரில் தனி அணியாகத் திரள, படப்பிடிப்புகள் மாதக் கணக்கில் முடங்கின. 2017இல் நடிகர் விஷால் தலைமையிலான தயாரிப்பாளர் சங்கம், பெப்சி அல்லாத தொழிலாளரையும் வைத்துப் படமெடுப்போம் என்று அறிவித்தது. ஓகஸ்ட் முதலாம் திகதி வேலைநிறுத்தம் தொடங்கியது. யாருடன் வேலை செய்வது என்பதை முடிவு செய்யும் உரிமை தங்களுக்கு வேண்டும் என்பதே இரண்டு முறையும் எதிர்த்தரப்பு சொன்னது. சின்னப் படம் எடுப்பவர் தேவைக்கு மேல் ஆளை வைத்துக்கொள்ளக் கட்டாயப்படுத்தப்படுகிறார் என்ற புகாரும் கூடவே வந்தது.

அந்தப் புகாரைத் தள்ளிவிட்டுப் போக முடியாது. அதன் மிகத் தெளிவான வடிவத்தை நாடக மேடையிலேயே, நியூயோர்க்கில் பார்க்கலாம்.

பிராட்வே மேடைத் தொழிலாளரின் ‘லோக்கல் வன்’ சங்கம் 1886இல் தொடங்கியது. 1893இல் அமெரிக்க நகரங்களின் மேடைத் தொழிலாளர் ஒன்றுகூடித் தேசியச் சம்மேளனம் அமைத்தார்கள். 121 ஆண்டுகள் பிராட்வேயில் ஒருமுறைகூட வேலைநிறுத்தம் செய்யாத லோக்கல் வன், 2007 நவம்பர் 10ஆம் திகதி, சனிக்கிழமை காலை, சிறுவர் நாடகம் ஒன்று தொடங்க இருந்த நேரத்தில் வெளியே வந்தது. 35 நாடகங்களில் 27 நின்றன. 19 நாள் அரங்குகள் இருண்டு கிடந்தன. ஆண்டில் அதிக வசூல் தரும் வாரங்களில் ஒன்றான நன்றி நவிலல் வாரம் அதற்குள் அடங்கிப்போனது.

பிணக்கின் உள்ளே போய்ப் பார்த்தால் கூலி உயர்வு பின்வரிசையில் நிற்கிறது. புதிய நாடகத்தை அரங்குக்குள் கொண்டுவந்து பொருத்தும் வாரங்களில், முதல் நாள் எத்தனை பேர் அமர்த்தப்பட்டார்களோ அத்தனை பேரும் கடைசி வரை வேலைக்கு வர வேண்டும் என்பது பழைய விதி. சில நாள் மின்சார வேலை மட்டும் நடக்கும். தச்சர் சும்மா இருப்பார். ஆனாலும் அவருக்குச் சம்பளம். கயிறு இழுப்பதற்கென்றே ஓர் ஆள் இருப்பார். அந்த நாடகத்தில் கயிறே இல்லாமலிருக்கலாம். செய்யாத வேலைக்கு ஏன் பணம் என்று தயாரிப்பாளர் கேட்டார்கள். ஒவ்வொரு ரிக்கற்றிலிருந்தும் சில சதங்களை ஆண்டுக்கணக்கில் ஒதுக்கி, 20 மில்லியன் டொலர் போராட்ட நிதியும் சேர்த்து வைத்திருந்தார்கள். ஒப்பந்தம் முடிந்து, புதியது கைச்சாத்தாகாமலேயே தங்கள் விதிகளில் சிலவற்றை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அதன்பிறகுதான் சங்கம் எழுந்தது.

சங்கத்தின் பதில் என்னை யோசிக்க வைத்தது. மேடை வேலை தொடர்ந்து கிடைக்கும் வேலையல்ல. நாடகம் ஓடாவிட்டால் நாளைக்கே வீட்டில் இருக்க வேண்டும். வேலை இருக்கும் வாரங்களில் உறுதியான ஆள் எண்ணிக்கை இருந்தால்தான் வேலை இல்லாத வாரங்களில் குடும்பம் நிற்கும். அதோடு, ஆள் குறையும்போது முதலில் போவது ஏணியைப் பிடிக்கிறவன்தான். அந்த ஆளின் வேலை பெரும்பாலான நாட்களில் சும்மா நிற்பதுபோலத்தான் தெரியும். கணக்குப் பார்க்கிறவர் கண்ணுக்கு அவன் வீண் செலவு. அவன் தேவைப்படுவது ஒரே ஒரு கணம்.

2020 பெப்ரவரி 19ஆம் திகதி இரவு, சென்னைக்கு அருகே ‘இந்தியன் 2’ படப்பிடிப்புத் தளத்தில் விளக்குகள் ஏற்றியிருந்த கிரேன் சரிந்து மூவர் இறந்தார்கள். கமல்ஹாசனும் இயக்குநர் ஷங்கரும் அந்த இடத்திலேயே இருந்தார்கள். காப்புறுதி வேண்டும், பாதுகாப்பு விதி வேண்டும் என்று பெப்சி அதன்பின் எழுப்பிய குரல் செய்திகளில் இடம்பெற்றது. குரல் எழுப்ப ஓர் அமைப்பு இருந்ததால்தான் அதற்கு ஓர் இடம் கிடைத்தது.

சங்கம் எப்போதும் சரி என்று வாதிட நான் வரவில்லை. 2013 ஒக்ரோபரில் நியூயோர்க்கின் கார்னகி மண்டபத்தில், புதிதாகக் கட்டிய கல்விப் பிரிவிலும் தங்கள் அதிகாரமே செல்ல வேண்டும் என்று அதே லோக்கல் வன் வேலைநிறுத்தம் செய்து, பருவத்தின் முதல் நாள் கச்சேரியையே ரத்தாக்கியது. அந்த மண்டபத்தின் முழுநேர மேடைத் தொழிலாளர் ஐவரும் ஆண்டுக்குச் சராசரி நான்கு இலட்சம் டொலருக்கு மேல் பெற்றவர்கள். இரண்டு நாளில் பிணக்குத் தீர்ந்தது. சங்கம் கேட்டதில் பெரும்பகுதி கிடைக்கவில்லை. சிறுவர் இசை வகுப்புக்கு ஒதுக்கிய அறைகளில் அந்தச் சம்பள விகிதத்தைக் கேட்டது பேராசை என்றே நினைக்கிறேன். தமிழ்ச் சினிமாவிலும், சங்க அட்டை வாங்க முடியாமல் வாசலில் நிற்கும் இளையவருக்குச் சங்கமே இரண்டாவது முதலாளியாகிவிடுகிறது. கதவை மூடிக்கொள்ளும் சங்கம், வெளியே நிற்பவரைப் பற்றிப் பேசும் தகுதியை இழக்கிறது.

ஆனால் கார்னகியின் பேராசையைக் காட்டித் திருகோணமலைப் பொடியனின் வாயை அடைக்கக் கூடாது. நம்மூரில் பிணக்கு இல்லை என்பதற்கு அமைதி இருக்கிறது என்று பொருளில்லை. பேசி முடிக்காத கூலி, கடைசி நேரத்தில் ‘இன்னொரு நாள் பார்ப்பம்’ என்று தள்ளிப்போகும் பாக்கி, கைபேசியை அணைத்துவிட்டு வேலைக்கு வராமல் விடும் பொடியன், அவனால் பிந்தித் தொடங்கும் நாடகம் எல்லாம் பிணக்குகள்தான். மேசைக்கு வராத பிணக்குகள். உரிமையாளரும் இதில் நிம்மதியாக இல்லை. ஏற்பாட்டாளர் தர வேண்டிய பாக்கிக்கு அவரும் அலைகிறார். வாங்கிய ஒலிக்கருவிக்கு லீசிங் கட்ட வேண்டும். நட்டத்தை ஒவ்வொருவரும் தனக்குக் கீழே நிற்பவன் தலையில் இறக்குகிறார்கள். கடைசியில் நிற்பவன் ஏணியில் நிற்கிறான்.

சட்டம் என்ன சொல்கிறது? 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கங்கள் கட்டளைச் சட்டப்படி ஏழு பேர் கையெழுத்திட்டால் சங்கம் பதிவு செய்ய விண்ணப்பிக்கலாம். 1950ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் சட்டம் கூட்டு ஒப்பந்தத்துக்கும் சமரசப் பேச்சுக்கும் வழி வைத்திருக்கிறது. சினிமாத் தொழிலுக்குச் சம்பளச் சபை உண்டு, துறைமுகத் தொழிலுக்கும் உண்டு. நாடக மேடைக்கு இல்லை. 1978இல் அமைந்த டவர் மண்டப அரங்க மன்றம் மூத்த கலைஞருக்கு ஓய்வூதியம் தருகிறது. அதன் பார்வை மேடைக்கு முன்னால் நிற்பவர்மேல்தான்.

விபத்து நட்டஈட்டில் உள்ள ஓட்டை இன்னும் பெரியது. 1934ஆம் ஆண்டின் வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், முதலாளியின் சொந்தத் தொழிலோடு தொடர்பில்லாத வேலைக்கு அன்றைக்கு மட்டும் அமர்த்தப்பட்டவரைத் தன் வரையறைக்கு வெளியே விடுகிறது. சேவை உரிமையாளரின் கீழ் ஏறியவனுக்கு இந்தச் சட்டத்தில் இடம் கிடைக்கலாம். கோயில் சபையோ பாடசாலையோ நேரடியாகக் கூப்பிட்டு ஏற்றியவன் விழுந்தால், நாடகம் போடுவது எங்கள் தொழிலா என்று அவர்கள் கேட்க இடமிருக்கிறது. அதே உயரம், அதே விளக்கு; கூப்பிட்டது யார் என்பதைப் பொறுத்து அவன் கால் முறிவுக்கு விலை மாறுகிறது.

சங்கம் அமைந்தாலும் யாருடன் பேசுவது என்ற கேள்வி எழும். பிராட்வேயில் தயாரிப்பாளர் சம்மேளனம் எதிரே உட்கார்ந்தது. சென்னையில் தயாரிப்பாளர் சங்கம் உட்காருகிறது. திருகோணமலையில் அப்படி ஒருவர் இல்லை; கோயில் பரிபாலன சபை, பழைய மாணவர் சங்கம், விளையாட்டுக் கழகம் என்று நாற்பது பக்கம் சிதறிக் கிடக்கிறது. ஆனால் அவர்களுக்குள் எழுத்தில் விலை கேட்டு, எழுத்தில் ஒப்பந்தம் செய்து, பற்றுச்சீட்டு வாங்கிக்கொண்டு பணம் கொடுப்பவர் ஒருவர் இருக்கிறார்: அரசு. பிரதேச செயலகங்களின் இலக்கிய விழா, மாகாணக் கலாசாரத் திணைக்களத்தின் நிகழ்வுகள், பாடசாலை நாடகப் போட்டிகள், பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தின் மேடைகள் எல்லாவற்றுக்கும் பொதுப் பணமே செலவாகிறது. அவர்கள் கோரும் விலைமனுப் படிவத்தில் ஒலிபெருக்கியின் வலு, விளக்குகளின் எண்ணிக்கை, மேடையின் நீள அகலம் எல்லாம் கேட்கப்படும். எத்தனை ஆட்கள் வேலை செய்வார்கள், உயரத்தில் ஏறுபவருக்குக் கீழே இன்னொருவர் நிற்பாரா, விபத்துக் காப்புறுதி உண்டா, நடுச்சாமத்துக்குப் பிந்திய வேலைக்கு மேலதிகக் கூலி என்ன என்று நான்கு வரி அந்தப் படிவத்தில் சேர்ந்தால், குறைந்த விலை கேட்பதற்காக ஆளைக் குறைக்கும் உரிமையாளர் மற்றவரை முந்த முடியாது. ஏழு கையெழுத்துச் சேர்ந்த பிறகு அந்தச் சங்கம் எழுத வேண்டிய முதற் கடிதம் மாவட்டச் செயலகத்துக்கு.